தோகியான்: முதுகில் பை, கையில் ரொக்கம்

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவு நான்கு தீபகற்பங்களால் ஆனது. நடுவில் உடம்பென்று சொல்ல அதிகம் இல்லை. அதன் வடக்குத் தீபகற்பத்துக்கும் கிழக்குத் தீபகற்பத்துக்கும் இடையில் அகப்பட்ட கடல்தான் தோமினி வளைகுடா. பூமத்திய ரேகை இதன் குறுக்கே போகிறது. ரேகைக்குச் சற்றே தெற்கில், கிழக்கு மேற்காக வரிசைகட்டி நிற்பவை தோகியான் தீவுகள். பத்துடாக்கா, தோகியான், தலத்தாகோ, வலேயா கோடி, வலேயா பாஹி, தனியே ஒதுங்கி நிற்கும் எரிமலைத் தீவான உனா-உனா என்று பெரிய தீவுகள் ஆறு. அவற்றைச் சுற்றிப் பல சிறு தீவுகள், தென்னை நிற்கும் மணல் திட்டுகள், ஆளே இல்லாத சுண்ணாம்புப் பாறைகள். நிர்வாகக் கணக்கில் இவை மத்திய சுலவேசி மாகாணத்தின் தோஜோ உனா-உனா மாவட்டத்தைச் சேர்ந்தவை.

பாலித் தீவுக்கு ஆண்டுதோறும் பல லட்சம் வெளிநாட்டவர் வந்திறங்குகிறார்கள். தோகியானுக்கு வருகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு துளி. அவர்களில் பெரும்பாலோர் பேக்பேக்கர்கள். பணம் குறைவு, நாட்கள் நிறைய என்ற கணக்கில் முதுகில் ஒற்றைப் பையோடு கிளம்பி வரும் ஐரோப்பியர்களே அதிகம். இளைஞர்களோடு நரை தட்டியவர்களும் உண்டு. தீவுகளில் விமான நிலையம் இல்லை. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் பாலமும் இல்லை, படகுதான். இந்தத் தொலைவும் சிரமமும்தான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. வாடகை, சாப்பாடு, கரண்ட் வரும் நேரம், எத்தனை நாள் தங்குவது என்பதில் தொடங்கி, கடலடியில் பவளப்பாறை பிழைக்குமா என்பதுவரை அவற்றின் கை நீள்கிறது.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர் கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாக ஜகார்த்தா சேரலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விமான நிலையத்திலேயே விசா கிடைக்கிறது. கட்டணம் 5 லட்சம் ரூபியா, தங்க அனுமதி 30 நாள், ஒருமுறை நீட்டித்துக்கொள்ளலாம். விதிகள் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. ஜகார்த்தாவிலிருந்து உள்நாட்டு விமானத்தில், பல சமயம் மக்காசரில் மாறி, பாலு, லுவுக், கோரொந்தாலோ ஆகிய மூன்று ஊர்களில் ஒன்றுக்குப் போக வேண்டும். (பாலு வேறு, பாலி வேறு. டிக்கெட் எடுக்கும்போது கவனம் தேவை.) பாலுவிலிருந்து அம்பானா என்ற துறைமுக ஊருக்குச் சாலை வழியாகச் சுமார் பத்து மணி நேரம் ஆகும். லுவுக்கிலிருந்து வந்தால் அதில் ஏறக்குறைய பாதி நேரம். அம்பானாவிலிருந்து ஃபெரியில் நான்கைந்து மணி நேரத்தில் பத்துடாக்கா தீவின் வக்காய் துறை. வடக்கே கோரொந்தாலோவிலிருந்து வருகிறவருக்கு இரவு முழுக்கக் கடல். மாலையில் ஏறினால் மறுநாள் காலையில்தான் வக்காய். இந்தக் கப்பல் பல ஆண்டுகளாக வாரத்துக்கு இரண்டு நடைதான்.

பேக்பேக்கர்கள் பெரும்பாலும் விமானத்தில் நேரே வந்து குதிப்பதில்லை. மக்காசரில் தொடங்கி, படகு வடிவக் கூரைவீடுகளுக்கும் பல நாள் நடக்கும் இறுதிச் சடங்குகளுக்கும் பேர்போன தோராஜா மலைநாட்டைப் பார்த்துவிட்டு, போசோ ஏரிக்கரையில் உள்ள தெந்தேனாவில் ஓரிரவு தங்கி, அம்பானாவில் கப்பலேறுவார்கள். தோகியானில் இளைப்பாறிவிட்டு வடக்கே கோரொந்தாலோ, மனாடோ என்று போய் சுலவேசியை முடிப்பார்கள். விசாவின் 30 நாள் இதற்குச் சரியாகப் போய்விடும். இந்தப் பாதை எப்போதும் திறந்தே இருந்ததில்லை. 1998 முதல் போசோ பகுதியில் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில் ஊர்கள் எரிந்தன. 2001 டிசம்பரில் மாலினோ ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் சில ஆண்டுகள் வன்முறை தலைகாட்டிக்கொண்டிருந்தது. தீவுகளில் சண்டை இல்லை என்றாலும் தீவுக்குப் போகும் சாலை போசோ வழியாகத்தான் போகிறது. வெளிநாட்டவர் வரத்து அற்றுப்போய், தங்குமிடங்கள் வெறிச்சோடிக் கிடந்த காலம் அது.

கப்பல் என்றதும் உல்லாசக் கப்பலை நினைத்துவிடக் கூடாது. அம்பானா ஃபெரி தீவு மக்களின் பலசரக்கு வண்டி. மேல்தளத்தில் சிமெண்ட் மூட்டை, முட்டை அட்டைகள், கால் கட்டிய கோழிகள், மோட்டார் சைக்கிள், ஐஸ் பெட்டி. அவற்றுக்கு நடுவே பாய் விரித்து உறங்கும் குடும்பங்கள். கோப்பையில் வெந்நீர் ஊற்றிய உடனடி நூடுல்ஸ் கப்பலெங்கும் மணக்கும். கிராம்புச் சிகரெட் புகை எந்த மூலைக்குப் போனாலும் விடாது. வக்காயில் இறங்கியதும் ஒவ்வொரு தங்குமிடத்தின் ஆளும் படகோடு காத்திருப்பார். முன்பதிவு இல்லாமல் வந்தவர் அங்கேயே நாலு பேரைக் கேட்டு, விலை பேசி, ஏதோ ஒரு படகில் ஏறிக்கொள்ளலாம். ஐரோப்பியக் கோடை விடுமுறையான ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் இது பலிக்காது. அப்போது குடில்கள் நிரம்பிவிடுகின்றன.

எந்தத் தீவில் தங்குவது என்பதை வந்த நோக்கத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். வக்காயிலிருந்து அரைமணி நேரப் படகுப் பயணத்தில் உள்ள கடிதிரிதான் பழைய பேக்பேக்கர் மையம். ஒரே கடற்கரையில் அடுத்தடுத்துத் தங்குமிடங்கள், ஸ்கூபா பயிற்சி நிலையங்கள், மாலையில் பேச்சுத்துணை எல்லாம் அங்கே கிடைக்கும். பத்துடாக்காவின் மேற்கு முனையில் உள்ள போம்பா, அம்பானாவுக்கு மிக அருகில் இருப்பதால் நாள் குறைவாக உள்ளவர்களுக்கு ஏற்றது. கிழக்கே தள்ளியிருக்கும் மலெங்கே அமைதியானது. தனியாக வந்து ஒரு புத்தகத்தை முடித்துவிட்டுப் போக நினைப்பவர் அங்கே போகலாம். முதல்முறை வருகிறவர் எல்லாத் தீவையும் பார்த்துவிட வேண்டுமென்று ஓடுவது வீண் வேலை. படகு வாடகைதான் கரையும். கடல் எங்கும் ஒரே கடல்தான்.

தங்குமிடத்தின் அமைப்பு எங்கும் ஏறக்குறைய ஒன்றே. மரப்பலகைச் சுவர், சகோப் பனை ஓலையோ தகரமோ வேய்ந்த கூரை, கொசுவலை கட்டிய கட்டில், முன்னால் ஒரு திண்ணை, அதில் ஒரு வலைத்தொட்டில். சில குடில்கள் மணலில் நிற்கின்றன. சில கடலுக்குள் கால் ஊன்றி நிற்கின்றன. குளியலறையில் ஷவர் இருக்காது. ஒரு தொட்டியும் பிளாஸ்டிக் கோப்பையும் இருக்கும். மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஐரோப்பியர் இதை எப்படிக் கையாள்வது என்று வழிகாட்டி நூல்கள் பக்கம் ஒதுக்கி விளக்குகின்றன. தமிழருக்கு அந்தப் பாடம் தேவைப்படாது. கிணற்று நீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். குடிநீர் பெரிய நீல நிறக் கேன்களில் வருகிறது. ‘காலோன்’ என்று அங்கே அழைக்கப்படும் இந்தக் கேனிலிருந்து சொந்த பாட்டிலில் பிடித்துக்கொள்வதே வழக்கம்.

கரண்ட் பொதுவாக ஜெனரேட்டரிலிருந்து, மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பத்து, பதினொன்று வரை. அந்த நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும் ஒவ்வொரு பிளக்கிலும் செல்போனும் கேமரா பேட்டரியும் தொங்கும். சூரியத் தகடு வைத்த இடங்கள் கூடிவருகின்றன. செல்போன் சிக்னல் வக்காய் போன்ற பெரிய கிராமங்களை ஒட்டித்தான். மற்ற இடங்களில் மேடேறித் தேட வேண்டும். 2024 மே மாதம் இந்தோனேசியாவில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் அறிமுகமான பிறகு, இந்த நிலைமைக்கும் முடிவு நெருங்கிவிட்டது. இணையம் இல்லை என்பதையே விளம்பரமாக்கி ஆள் சேர்த்த தங்குமிடங்கள் இனி வேறு வாசகம் தேட வேண்டியிருக்கும்.

வாடகைக் கணக்குதான் புதிதாக வருகிறவரைக் குழப்பும். இங்கே அறைக்கு வாடகை இல்லை, தலைக்குத்தான். எளிய குடிலில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை லட்சம் முதல் நான்கு லட்சம் ரூபியா வரை கேட்கிறார்கள். நம் பணத்தில் ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். இதிலேயே மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம். காரணம் எளிது. தங்குமிடத்தை விட்டால் சாப்பிட வேறு கடை இல்லை. அடுத்த கடைக்குப் படகில் போக வேண்டும். ஆகவே தங்க வைக்கிறவரே சோறும் போட்டாக வேண்டும். இதனால் இன்னொரு பழக்கமும் உருவாகியிருக்கிறது. நீண்ட மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யார் மறுநாள் எந்தப் பக்கம் போகிறார்கள், படகைப் பங்கு போட்டுக்கொள்ள யார் தயார் என்பதெல்லாம் அந்த மேசையில்தான் முடிவாகிறது.

சாப்பாடு மீனும் சோறும். காலையில் அப்பமோ வறுத்த சோறோ, மதியமும் இரவும் சுட்ட மீன், பொரித்த மீன், தேங்காய்ப்பாலில் வெந்த மீன். கூடவே கங்குங் கீரை வதக்கல், கத்தரிக்காய், சோயாவில் செய்த தெம்பே. நான்கு மணி வாக்கில் தேநீரோடு பழுத்த வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த ‘பிசாங் கோரெங்’ வரும். நம் வாழைக்காய் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தங்கை அது, இனிப்புக்காரி. பச்சை மிளகாய், தக்காளி, சின்ன வெங்காயம் மூன்றையும் பொடிப்பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்த ‘டபு-டபு’ சுலவேசியின் தனிச் சிறப்பு. காரத்துக்கு ஏங்கும் தமிழ் நாக்குக்கு அது போதும். சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் சைவம் என்றால் இறால் விழுதும் கூடாது என்பதை முதல் நாளே சமையற்காரம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காய்கறி அம்பானாவிலிருந்து ஃபெரியில் வருகிறது. ஃபெரி ஒரு நடை தவறினால் மேசையில் காய் குறையும், மீன் குறையாது.

இத்தனை தூரம் வருவது எதற்காக என்பதற்கு விடை தண்ணீருக்குள் இருக்கிறது. உலகின் பவள வகைகளில் பெரும்பகுதி வாழும் ‘பவள முக்கோணம்’ என்ற கடற்பரப்புக்குள் தோமினி வளைகுடா அடங்குகிறது. கரையை ஒட்டி வளரும் திட்டு, கரையிலிருந்து விலகி அரண்போல் நிற்கும் தடுப்புத் திட்டு, நடுவில் காயலை வைத்து வளையமாக வளரும் அட்டோல் ஆகிய மூன்று வகைப் பவள அமைப்பும் தோகியானில் அருகருகே உள்ளன. ஒரே தீவுக்கூட்டத்தில் மூன்றும் அமைவது அபூர்வம். வளைகுடா மூன்று பக்கமும் நிலத்தால் அணைக்கப்பட்டிருப்பதால் பெரிய அலை இல்லை. அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறவர் ஏமாந்துபோவார். நீந்தத் தெரிந்து, முகமூடியும் மூச்சுக்குழாயும் வைத்திருப்பவருக்கோ இது கண்ணாடித் தொட்டி.

பல தங்குமிடங்களில் மரத்துறையின் முனையிலிருந்து நேரே இறங்கலாம். கழுத்தளவு நீரில் கடற்புல். அதைத் தாண்டினால் பவளம். மேசைபோல் தட்டையாக விரிந்தது, மான்கொம்புபோல் கிளைத்தது, மனித மூளைபோல் மடிப்பு விழுந்தது என்று பல வகை. கடற்சாமந்தியின் விழுதுகளுக்குள் கோமாளி மீன் நுழைந்து நுழைந்து வெளியே வருகிறது. இன்னும் பத்து இருபது மீட்டர் போனால் தரை சட்டென்று முடிந்து கருநீலத்தில் செங்குத்தாக இறங்குகிறது. அந்த விளிம்பில் மிதந்தபடி கீழே பார்ப்பவருக்கு முதலில் வயிற்றைப் பிசையும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். ஸ்கூபா தெரிந்தவர்கள் தேடிப்போகும் இன்னோர் இடம், இரண்டாம் உலகப் போரின் இறுதியாண்டான 1945-இல் கடலில் இறங்கிய அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானம். சுமார் 20 மீட்டர் ஆழத்தில், இறக்கைகளோடு உருக்குலையாமல் கிடக்கிறது. பவளம் படர்ந்து மீன்கள் குடியேறிவிட்டன.

தண்ணீரில் இல்லாத நேரத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்குத் தோகியானில் நல்ல பதில் கிடையாது. வெயில் உச்சிக்கு ஏறியதும் எல்லோரும் வலைத்தொட்டிலில் ஒடுங்குகிறார்கள். பூமத்திய ரேகை என்பதால் ஆண்டு முழுக்க ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும். அந்தி நீள்வதே இல்லை. ‘கெதிந்திங்’ எனப்படும் மோட்டார் பொருத்திய ஒடிசலான படகில் சுற்றுவதுதான் முக்கியமான பொழுதுபோக்கு. படகுக்கு மொத்த வாடகை என்பதால் நான்கைந்து பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். மூன்றாம் நாளில் சலிப்புத் தட்டி ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. மூன்று நாளைக்கென்று வந்து மூன்று வாரம் தங்கியவர்களும் உண்டு. யார் எந்த ரகம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தீவுகளில் பல இனத்தார் வாழ்கிறார்கள். தோகியான், பொபோங்கோ, சலுவான், புகிஸ், கோரொந்தாலோ மக்களோடு கடலோடிகளான பஜோ மக்களும் இருக்கிறார்கள். பெரும்பான்மை மதம் இஸ்லாம். தங்குமிடத்தின் மணலில் நீச்சலுடை பொருட்டல்ல. கிராமத்துக்குள் போகும்போது தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். பஜோக்கள் ஒரு காலத்தில் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்தவர்கள். இப்போது கடலுக்குள் மரக்கால் நட்டு வீடு கட்டி ஊராகக் குடியிருக்கிறார்கள். கபலுத்தான் அப்படிப்பட்ட பெரிய ஊர். மலெங்கேவுக்கு எதிரே ஒரு பாறையைச் சுற்றி அமைந்திருக்கும் பூலாவ் பாப்பான் இன்னொன்று. கரையையும் அதையும் இணைக்கும் நீண்ட மரப்பாலம் பவளத்திட்டின் மேலேயே போகிறது. நடந்து போகிறவரின் காலடியில் மீன் கூட்டம் தெரியும்; எதிரே பள்ளிப் பிள்ளைகள் பலகை பெயர்ந்த இடங்களைத் தாண்டிக் குதித்தபடி வருவார்கள்.

பஜோக்களின் முக்குளிப்பு உலக அறிவியலின் கவனத்தை ஈர்த்தது. வளைகுடாவின் தெற்குக் கரையில் ஜயா பக்தி என்ற பஜோ ஊரில் நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் ‘செல்’ என்ற அறிவியல் இதழில் வெளியானது. பக்கத்தில் வேளாண்மை செய்து வாழும் சலுவான் மக்களோடு ஒப்பிட்டதில், பஜோக்களின் மண்ணீரல் சுமார் 50 சதவீதம் பெரிதாக இருந்தது. மண்ணீரல் சிவப்பணுக்களைச் சேமித்து வைக்கும் உறுப்பு. தண்ணீருக்குள் மூச்சடக்கும்போது அது சுருங்கி, ஆக்சிஜன் சுமக்கும் அணுக்களை ரத்தத்தில் விடுகிறது. பெரிய மண்ணீரல் என்றால் கூடுதல் மூச்சு. முக்குளிக்காத பஜோக்களிடமும் அது பெரிதாகவே இருந்ததால் பயிற்சியால் வந்தது அல்ல, பரம்பரையாக வந்தது என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். கடிதிரி மேசையில் நீச்சல் வீரம் பேசுகிற விருந்தாளிகள், பக்கத்துப் படகில் மரக்கண்ணாடி மாட்டி ஈட்டியோடு இறங்குகிற மீனவரைப் பார்த்ததும் பேச்சை மாற்றுவது நல்லது.

நிலத்தில் வாழும் உயிர்களும் சாதாரணம் அல்ல. ஆசிய விலங்குகளும் ஆஸ்திரேலிய விலங்குகளும் சந்திக்கும் இடைநிலமான சுலவேசியில் வேறெங்கும் இல்லாத இனங்கள் ஏராளம். தோகியானில் அதிலும் தனி இனங்கள் இருக்கின்றன. மேல்தாடைக் கோரைப்பல் மூக்குத் தோலைத் துளைத்துக்கொண்டு மேல்நோக்கி வளர்ந்து வளையும் பாபிருசா என்ற காட்டுப்பன்றியின் தோகியான் இனம் இங்கே மட்டும்தான். இங்குள்ள ஆந்தை ஒன்று 2004-இலும், வெள்ளைக்கண்ணி வகைச் சிறுபறவை ஒன்று 2008-இலும் புதிய இனங்களாக விவரிக்கப்பட்டன. இவற்றைவிடப் பயணிகளுக்கு நன்கு தெரிந்தது தேங்காய் நண்டு. கால் விரித்தால் ஒரு மீட்டர் வரை நீளும், நான்கு கிலோ வரை எடை போடும், தேங்காயை உடைத்துத் தின்னும். இந்தோனேசியச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். யாராவது சமைத்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிட வேண்டும்.

தனித்து நிற்கும் உனா-உனாவுக்கு வேறு கதை. அந்தத் தீவு கோலோ என்ற எரிமலையின் உச்சி. 1898-இல் ஒருமுறை வெடித்த மலை, 1983 ஜூலையில் மீண்டும் உறுமத் தொடங்கியது. நிலநடுக்கம் நாளுக்கு நாள் கூடவே, தீவில் இருந்த சுமார் ஏழாயிரம் பேரையும் படகுகளில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள். 23-ஆம் தேதி பெருவெடிப்பு. கொதிக்கும் சாம்பலும் வாயுவும் மலைச்சரிவில் பாய்ந்து, கிழக்கே ஒரு குறுகிய துண்டைத் தவிர்த்துத் தீவு முழுவதையும் கருக்கின. அதற்குள் ஆட்கள் அனைவரும் வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. எரிமலை முன்னெச்சரிக்கை சரியாகப் பலித்த நிகழ்வுகளில் இது ஒன்று. தென்னந்தோப்புக்காரர்கள் பிறகு மெல்ல மெல்லத் திரும்பினார்கள். இன்று அதன் கரையோரக் கடலில் பாராகுடா மீன்கள் கூட்டமாகச் சுழல்வதைப் பார்க்கவே ஸ்கூபா பயணிகள் ஒரு நாள் ஒதுக்குகிறார்கள்.

இவ்வளவு அழகாகச் சொல்லப்படும் கடலடியில் காயங்களும் உண்டு. உரத்தை மண்ணெண்ணெயோடு கலந்து பாட்டிலில் அடைத்து, திரி வைத்துக் கடலில் எறிந்து மீன் பிடிப்பது இந்தோனேசியாவின் பல பகுதிகளைப் போலத் தோகியானிலும் நடந்தது. வெடித்த இடத்தில் பவளம் பொடியாகி, சரளைக்கல் மைதானமாகிவிடும். சரளை உருண்டுகொண்டே இருப்பதால் புதுப் பவளம் வேர் பிடிக்காது. 1990களில் இன்னொரு கொடுமை சேர்ந்தது. ஹாங்காங் உணவகங்களின் கண்ணாடித் தொட்டிகளுக்கு உயிருள்ள மீன் தேவைப்பட்டது. நெப்போலியன் மீனுக்கும் களவா வகை மீன்களுக்கும் கொழுத்த விலை. சயனைடு கரைசலைப் பவள இடுக்குகளில் பீய்ச்சி, மயங்கிய மீனை உயிரோடு எடுத்தார்கள். மீன் பிழைத்தது, பவளம் செத்தது. நெப்போலியன் மீனின் உலக வணிகத்துக்கு 2004-இல்தான் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டில் தோகியான் தேசியப் பூங்காவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு 3.6 லட்சம் ஹெக்டேருக்கு மேல், பெரும்பகுதி கடல். 2019-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

பூங்கா என்று வரைபடத்தில் கோடு போட்டதால் குண்டு நின்றுவிடவில்லை. அவ்வளவு பெரிய கடலுக்குக் காவல் படகு எத்தனை இருந்தாலும் போதாது. தங்குமிடத்துக்கு எதிரே இருக்கும் பவளத்திட்டு மட்டும் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. அது அழிந்தால் விருந்தாளி வரமாட்டார் என்று உரிமையாளருக்கும், படகோட்டிக்கும், சமையற்காரம்மாவுக்கும் தெரியும். ஆகவே அங்கே யாரையும் வெடி வைக்க விடுவதில்லை. இந்தோனேசியாவின் 1960 நிலச்சட்டப்படி வெளிநாட்டவர் நிலத்தை முழு உரிமையாக வாங்க முடியாது என்பதால், வெளிநாட்டார் நடத்தும் தங்குமிடங்களிலும் உள்ளூர்க் குடும்பத்துக்கு ஏதோ ஒரு பிடி இருக்கிறது. பேக்பேக்கர் கொடுக்கும் பணம் சிறியது, ஆனால் அது நேரே இவர்கள் கைக்குப் போகிறது. இதை வைத்துச் சுற்றுலாதான் பவளத்தைக் காக்கிறது என்று பெருமை பேசுவது மிகை. தங்குமிடம் இல்லாத திட்டுகளுக்கு அந்தக் காவல் இல்லை. கடல் சூடேறிப் பவளம் வெளுப்பதை எந்த உரிமையாளராலும் தடுக்க முடியாது; பயணிகள் வந்திறங்கும் விமானங்களின் புகைக்கும் அந்தச் சூட்டில் பங்குண்டு. தீவுகளில் சேரும் பிளாஸ்டிக்குக்கும் போக்கிடம் இல்லை, எரிக்கிறார்கள் அல்லது கடலுக்குப் போகிறது. காலி பேட்டரி, சன்ஸ்கிரீன் டப்பா ஆகியவற்றை வந்த பையிலேயே திரும்பக் கொண்டுபோவது விருந்தாளி செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

உடல்நலத்தில் அலட்சியம் கூடாது. மலேரியா, டெங்கு இரண்டுக்கும் வாய்ப்புண்டு. கொசுவலையை மாலையிலேயே இறக்கிவிட வேண்டும். தடுப்பு மாத்திரை பற்றிப் புறப்படும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பவளத்தில் உரசிய சிறு கீறல்கூட இந்த ஈரப்பதத்தில் சீக்கிரம் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, மருந்திட்டு, இரண்டு நாள் கடலில் இறங்காமல் இருப்பதே வைத்தியம். வக்காயில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அம்பானா. ஸ்கூபாவில் ஆழத்திலிருந்து வேகமாக மேலேறுவதால் வரும் நோய்க்குத் தேவையான அழுத்த அறை தீவுகளில் இல்லை. மனாடோ போன்ற நகரத்துக்குப் போக வேண்டும். ஆழத்தில் சாகசம் செய்து பார்க்க இது ஏற்ற கடல் அல்ல. ஸ்கூபா செலவையும் அவசர மருத்துவ வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு இல்லாமல் போகக் கூடாது.

பணத்தை ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டும். அம்பானாவிலும் கோரொந்தாலோவிலும் ஏடிஎம் உண்டு. தங்குமிடங்களில் கார்டு ஏற்பார்கள் என்று நம்பிப் போகக் கூடாது. நாள் வாடகை, படகுப் பங்கு, ஸ்கூபா எல்லாவற்றையும் கூட்டி, அதன்மேல் நான்கு நாள் செலவுக்கு உபரி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. டார்ச், சொந்த முகமூடி, செருப்பு, மெல்லிய துவைக்க எளிய துணி, வழக்கமான மாத்திரைகள் இவ்வளவு போதும். சக்கரம் வைத்த பெட்டியைத் தவிர்க்க வேண்டும். படகிலிருந்து இறங்கும் இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

நாள் கணக்கைச் சரியாகப் போடாதவர்களுக்குத் தோகியான் ஒத்துவராது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்று கழித்துவிட்டால், ஒரு வார விடுப்பில் தீவில் கிடைப்பது மூன்று பகல்தான். அதற்கு அந்தமானே மேல். குறைந்தது பன்னிரண்டு நாள் கையில் உள்ளவர் கிளம்பலாம். காற்று அடித்தாலோ இயந்திரம் மக்கர் செய்தாலோ ஃபெரி நின்றுவிடும். யாரும் மன்னிப்புக் கேட்கமாட்டார்கள். தீவை விட்டுப் புறப்படும் ஃபெரிக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் இடையே இரண்டு முழு நாளாவது இடைவெளி விட்டே டிக்கெட் எடுக்க வேண்டும்.